கருவி சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது? மாத்தளைப் புதைகுழியிலிருந்து செம்மணி வரை

2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் கட்டட வேலைக்காக மண் வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற உத்தரவுடன் நடந்த அகழ்வில் 150க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அகழ்வில் பங்கேற்ற தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ, கூடக் கிடைத்த பொருட்கள் உள்ளிட்ட சான்றுகளை வைத்து, இவை 1986க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலத்தவை என்று அறிக்கை கொடுத்தார். ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை அடக்கிய அரச வன்முறையும் மாத்தளையை உலுக்கிய காலம் அது. பின்னர் எலும்பு மாதிரிகள் அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டன. அங்கிருந்து வந்த காபன் பரிசோதனை முடிவோ, எலும்புகள் 1950க்கு முற்பட்டவை என்றது.

ஒரே குழிக்கு இரண்டு காலங்கள். முதலாவது சரியென்றால் அது கொலை விசாரணை. இரண்டாவது சரியென்றால் அது பழைய கதை; கோப்பை மூடிவிடலாம். 1989இல் பிள்ளையைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மார் எந்த எண்ணை நம்புவது என்று தெரியாமல் நின்றார்கள். சில ஆண்டுகள் கழித்து மன்னாரில் எங்கள் தாய்மாரும் அதே இடத்தில் நின்றார்கள். இப்போது செம்மணியில் நிற்கிறார்கள்.

நான் நிலத்தடி நீர் தேடும் அளவைகளில் வேலை செய்தவன். எலும்பு ஆய்வு என் துறை அல்ல. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கருவி கொண்டு அளந்து, அந்தக் கருவி பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிப்பது எங்கள் அன்றாட வேலை. அதற்கு உலகம் முழுவதும் சில முறைகள் இருக்கின்றன. புதைகுழி வழக்குகளில் உறவுகளும் சட்டத்தரணிகளும் அவற்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது என்று நினைத்தே இதை எழுதுகிறேன்.

தராசின் மூன்று பிழைகள்

ஒரு கருவியை ஏற்கனவே தெரிந்த அளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்வதை அளவுத்திருத்தம் என்பார்கள். சொல் பெரிது, விடயம் சிறிது. தோட்டத்தில் கொழுந்து பறித்த எவருக்கும் இது தெரியும்.

என் அம்மா கொழுந்து பறித்தவர். மாலையில் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது பெண்கள் முதலில் பார்ப்பது வெறுந்தராசின் முள்ளைத்தான். எதையும் தொங்கவிடாமலே முள் பூச்சியத்தை விட்டு நகர்ந்து நின்றால், எல்லாருடைய நிறையிலும் அதே அளவு கூடும் அல்லது குறையும். இது பூச்சியப் பிழை. இரண்டாவது, பூச்சியம் சரியாக இருந்தும் 10 கிலோவை 9 என்று காட்டும் தராசு. அதிகம் பறித்தவருக்கு அதிகம் இழப்பு. இது விகிதப் பிழை. மூன்றாவது, காலையில் சரியாக இருந்து பின்னேரம் மாறிவிடும் தராசு. சூடு, ஈரம், தேய்ந்த வில் எதுவும் காரணமாகலாம். இது நகர்வுப் பிழை.

மடுவத்தில் நின்ற பெண்களுக்கு இவற்றைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருந்தது. தெரிந்த ஒன்றை நிறுத்துப் பார்க்க வேண்டும். முத்திரையிட்ட படிக்கல் போதும். கோடிக்கணக்கில் பெறுமதியான விஞ்ஞானக் கருவிகளுக்கும் வழி இதுதான்.

கூடவே வந்த தண்ணீர்

மாத்தளை மாவட்டத்தின் வடபகுதி உலர்வலயம். தம்புள்ளை, கலேவெல, நாவுல பக்கங்களில் விவசாயிகளுக்குக் கிணறுதான் உயிர். அடியில் கடும்பாறை; அதன் மேல் உக்கிய பாறைப் படையிலும் பாறை வெடிப்புகளிலும்தான் நீர் நிற்கும். அதைத் தேட நாங்கள் நிலத்தில் நான்கு இரும்புக் கூர்களை அடிப்போம். வெளியே உள்ள இரண்டின் வழியாக மின்னோட்டத்தைச் செலுத்தி, உள்ளே உள்ள இரண்டுக்கு இடையிலான மின்னழுத்தத்தை அளப்போம். ஈரமான படை மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். வறண்ட பாறை தடுக்கும்.

நாவுல பக்கம் ஒரு தோட்டத்தில் அளந்தபோது ஆழத்தில் தடை சட்டென்று குறைந்தது. தண்ணீர் இருக்கிறது என்று சொன்னோம். விவசாயி கடன்பட்டுக் குழாய்க்கிணறு இறக்கினார். தூசிதான் வந்தது. அடுத்த இடத்துக்குப் போனோம். அங்கும் அதே ஆழத்தில் அதே குறைவு. இரண்டு மைல் தள்ளி இன்னோர் இடத்திலும் அப்படியே. அப்போதுதான் எங்களுடன் வந்த மூத்தவர், "வயர்களை மாத்திப் போடு தம்பி" என்றார். அதாவது உள்ளே உள்ள கூர்களில் மின்னோட்டம் செலுத்தி, வெளியே உள்ளவற்றில் அளக்க வேண்டும். பௌதிகவியல் விதிப்படி இரண்டு அளவும் ஒன்றாகவே வர வேண்டும். எங்களுக்கு வரவில்லை. கேபிளைக் கையால் தடவிப் பார்த்தோம். ஓரிடத்தில் உறை கிழிந்து, ஈரப் புல்லில் மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது.

அந்த விவசாயியின் பணத்தை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆனால் அன்று கற்றது மறக்கவில்லை. உண்மையான நீர் ஓர் இடத்தில் இருக்கும்; அந்த இடத்தை விட்டு நகர்ந்தால் அதுவும் பின்தங்கிவிடும். பிழை கருவியோடு கூடவே வரும். போன இடமெல்லாம் ஒரே விடை வந்தால் முதலில் கருவியைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆகாயத்திலிருந்து அளக்கும்போது

இந்தச் சோதனைகள் மிகவும் கண்டிப்பாகப் பின்பற்றப்படும் துறைகளில் ஒன்று வான்வழி மின்காந்த அளவை. ஹெலிகொப்டருக்குக் கீழே ஒரு பெரிய கம்பி வளையம் தொங்கும். அதில் மின்னோட்டம் பாய்ச்சி நிறுத்தும்போது தரைக்குள் சிறு மின்னோட்டங்கள் தூண்டப்படும். அவை உண்டாக்கும் மிக மெல்லிய காந்தப்புலத்தைப் பறந்துகொண்டே அளப்பார்கள். நன்னீர், உவர்நீர், களிமண், பாறை ஒவ்வொன்றும் வெவ்வேறு பதில் தரும். இந்தியாவில் நிலத்தடி நீரை வரைபடமாக்க 2021 ஒக்டோபரில் ஜோத்பூரிலிருந்து பெரிய அளவில் இந்த வேலை தொடங்கியது. அதற்கு முன் தமிழ்நாட்டின் கடலூர்ப் பகுதியிலும் முன்னோடி ஆய்வு நடந்திருக்கிறது.

இந்தக் கருவி புதைகுழி தேட உதவாது. ஒரு நேரத்தில் பல பத்து மீற்றர் அகலமான நிலத்தின் சராசரியைத்தான் அது பார்க்கும். ஆனால் அது தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் முறைகள் எங்களுக்குத் தேவையானவை.

முதலாவது, உயரப் பறத்தல். தரையின் பதில் எட்டாத அளவுக்கு, சில நூறு மீற்றர் மேலே போவார்கள். அங்கே கருவி பூச்சியம் காட்ட வேண்டும். எதையாவது காட்டினால் அது கருவியின் சொந்தச் சத்தம். வெறுந்தராசைப் பார்ப்பது போன்றது இது. ஒரு பயணத்தில் பலமுறை செய்வார்கள், ஏனெனில் வெப்பம் மாறமாற அந்தப் பூச்சியம் நகரும்.

இரண்டாவது, ஒரே கோட்டில் மீண்டும் பறத்தல். ஒரு குறித்த கோட்டை ஒவ்வொரு நாளும் அளப்பார்கள். நிலம் ஒரே இரவில் மாறாது. எண் மாறினால் மாறியது கருவி.

மூன்றாவது, குறுக்குக் கோடுகள். வடக்கு தெற்காகப் பறந்த நிலத்தை, இடையிடையே கிழக்கு மேற்காகவும் வெட்டிப் பறப்பார்கள். இரண்டும் சந்திக்கும் புள்ளியில் இரண்டு அளவும் ஒத்துப்போக வேண்டும். வரைபடத்தில் பறந்த திசையிலேயே பட்டை பட்டையாகக் கோடுகள் தெரிந்தால் அனுபவமுள்ளவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். பாறைகள் விமானி பறந்த திசையைப் பார்த்து உருவாவதில்லை.

நான்காவது, தெரிந்த நிலத்தின் மேல் பறத்தல். டென்மார்க்கில் ஓர்ஹூஸ் நகருக்கு அருகே, படை படையாக முன்கூட்டியே அளந்துவைத்த ஒரு சோதனை நிலம் இருக்கிறது. கருவிகள் அங்கே தங்கள் அளவைச் சரிபார்த்துக்கொள்கின்றன. கடலும் ஒரு படிக்கல்தான். கடல்நீர் எவ்வளவு மின்சாரம் கடத்தும் என்பதை ஒரு வாளி நீரில் அளந்துவிடலாம், ஆழத்தையும் அளக்கலாம். மேலே பறந்த கருவி வேறு விடை சொன்னால் விகிதப் பிழை எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம்.

ஐந்தாவது, உயரத்தைச் சரிபார்த்தல். அடர்ந்த காட்டின் மேல் லேசர் உயரமானி மரத்தின் உச்சியைத் தரை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அப்போது கருவி தரைக்கு இருப்பதை விட அருகில் இருப்பதாகக் கணக்கு நினைக்கும். பதில் எதிர்பார்த்ததை விட மெல்லியதாக வரும். விளைவு, ஈரமான நிலம் வறண்ட நிலமாக வரைபடத்தில் ஏறும். நக்கிள்ஸ் மலைச்சாரல் போன்ற இடத்தில் பறப்பவர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, துளையிட்டுப் பார்த்தல். எத்தனை கணக்குப் போட்டாலும் சில இடங்களில் மண்ணைத் திறந்து பார்க்காமல் அறிக்கை முழுமையாகாது.

செம்மணியில் ராடர்

2025 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் எலும்புகள் வெளிப்பட்டன. அதே ஆண்டு செப்டெம்பருக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. குழந்தையின் பாலூட்டும் போத்தலும் பாடசாலைப் பையும் கூடக் கிடைத்தன. ஓகஸ்டில் தரை ஊடுருவும் ராடர் கொண்டு நிலம் ஸ்கான் செய்யப்பட்டது.

இந்த ராடர் எலும்பைப் படம் பிடிப்பதில்லை. மண்ணுக்குள் ரேடியோ அலையை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை அளக்கிறது. தோண்டி மூடிய மண்ணின் படை குலைந்திருக்கும். அந்தக் குலைவைத்தான் அது காட்டும். நேரத்தை ஆழமாக மாற்ற மண்ணில் அலையின் வேகம் தெரிய வேண்டும். உலர்ந்த மணலில் அலை ஒரு நனோ செக்கனில் ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் போகும். நனைந்த மணலில் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர்தான். 20 நனோ செக்கனில் திரும்பிவந்த ஒரே அலையை முதல் வேகத்தில் கணக்கிட்டால் ஆழம் ஒன்றரை மீற்றர். இரண்டாவது வேகத்தில் 60 சென்ரிமீற்றர். மழைக்கு முன் போட்ட கணக்கை மழைக்குப் பின் பயன்படுத்தினால் தவறான ஆழத்தில் தோண்டுவோம்.

இதைச் சரிபார்ப்பது கடினமல்ல. அதே நிலத்தில், அளந்த ஆழத்தில் ஓர் இரும்புக் கம்பியைப் புதைத்து அதன் மேல் கருவியை ஓட்டினால் வேகம் கிடைத்துவிடும். ஏற்கனவே திறந்த குழியின் ஓரத்திலும் ஓட்டிப் பார்க்கலாம். தடயவியல் ஆய்வாளர்கள் பன்றி உடல்களைப் புதைத்து, ஆண்டுக்கணக்கில் அதே இடத்தை ஸ்கான் செய்து, புதைத்த மண் எப்படித் தெரியும் என்று பழகிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று முக்கியம். உப்பும் களிமண்ணும் ராடர் அலையை விழுங்கிவிடும். கடனீரேரியை அண்டிய உவர்நிலத்தில் அலை அரை மீற்றர் போவதே கடினமாகலாம். ஆகவே "ஸ்கானில் எதுவும் தெரியவில்லை" என்பதும் "அங்கே எதுவும் இல்லை" என்பதும் ஒன்றல்ல. அந்த மண்ணில் அலை எவ்வளவு ஆழம் போனது என்று அறிக்கை சொல்லாவிட்டால், "எதுவும் தெரியவில்லை" என்ற வரிக்குப் பெறுமதி இல்லை.

காபன் எண்ணை எப்படி வாசிப்பது

இனி மாத்தளைக்குத் திரும்புவோம். உயிருள்ள எல்லாமே காற்றிலும் உணவிலும் உள்ள கதிரியக்கக் காபனை உடலில் சேர்க்கின்றன. இறந்த பின் அது மெல்ல மெல்லக் குறையும். பாதியாகக் குறைய ஏறக்குறைய 5730 ஆண்டுகள் எடுக்கும். காற்றில் இருந்த அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருக்கவில்லை. ஆகவே மர வளையங்கள் போன்ற, வயது தெரிந்த பொருட்களோடு ஒப்பிட்டுத்தான் ஆண்டாக மாற்றுகிறார்கள். இங்கும் அளவுத்திருத்தம்தான்.

1950களின் நடுப்பகுதி முதல் 1963 வரை வல்லரசுகள் வளிமண்டலத்தில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் கதிரியக்கக் காபன் ஏறக்குறைய இரட்டிப்பானது. அதன் பின் பிறந்து வளர்ந்த ஒவ்வொருவரின் எலும்பிலும் அந்தச் சுவடு இருக்கும். 1989இல் 20 வயதில் கொல்லப்பட்ட இளைஞன் 1969இல் பிறந்தவன். அவனுடைய எலும்பை 1950க்கு முந்தியது என்று, ஒழுங்காகச் செய்த பரிசோதனை குழப்பிக்கொள்ளாது.

இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பிடிக்காத முடிவு வந்தவுடன் "கருவி பிழை" என்று சொல்லிவிட முடியாது. பிழைக்கும் ஓர் எல்லை உண்டு. கடல் உணவை அதிகம் உண்டவரின் எலும்பு உண்மை வயதை விடப் பழையதாகத் தெரியும். ஆனால் அது சில நூறு ஆண்டுகளுக்கு மேல் தள்ளாது. மன்னார் சதொச வளவில் 2018இல் வெளிப்பட்ட, 300க்கும் மேற்பட்டவர்களின் புதைகுழியிலிருந்து ஆறு மாதிரிகள் புளோரிடாவுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுக்கு 1404 முதல் 1635 வரையான காலம் சொல்லப்பட்டது. 1990இல் இறந்தவரை அங்கே கொண்டுபோய் நிறுத்த மீன் உணவால் முடியாது.

அப்படியானால் கேள்வியை எங்கே வைப்பது? மாதிரியில் வைக்க வேண்டும். ஆறு எலும்புகளின் வயது அந்த ஆறு பேரின் வயது. மற்ற 300 பேரும் அவர்களோடு ஒரே நேரத்தில் புதைக்கப்பட்டவர்களா என்பதை மண்படைதான் சொல்லும், ஆய்வுகூடம் சொல்லாது. பழைய புதைநிலத்திலேயே புதிய உடல்களைப் போட்ட இடங்கள் உலகில் உண்டு. மாத்தளைக்கும் இதே கேள்விகள்தான். எந்தெந்த எலும்புக்கூட்டிலிருந்து மாதிரி எடுக்கப்பட்டது? யார் தெரிந்தெடுத்தார்கள்? எடுத்தது முதல் ஆய்வுகூடம் வரை யார் கையில் இருந்தது? எலும்பைப் பாதுகாக்கப் பூசும் சில பசைகளில் எண்ணெய்வழிக் காபன் இருக்கும். அது முற்றாக அகற்றப்படாவிட்டால் எலும்பு பழையதாகத் தெரியும். அது கழுவப்பட்டதா?

எங்கள் துறையில் ஹெலிகொப்டர் ஒன்று சொல்லி, துளை வேறொன்று சொன்னால் வேலையை நிறுத்துவோம். இரண்டில் வசதியானதை எடுத்துக்கொண்டு போகமாட்டோம். ஏன் முரண்படுகின்றன என்று தெரிந்த பிறகுதான் அறிக்கை. மாத்தளையில் அகழ்வாளரின் காலக்கணிப்பும் ஆய்வுகூடத்தின் காலக்கணிப்பும் முரண்பட்டபோது அந்த ஒழுங்கையே நாம் கேட்டிருக்க வேண்டும்.

உறவுகள் கேட்கக்கூடிய கேள்விகள்

நிலத்தை ஸ்கான் செய்யும் நாளில் கேளுங்கள்: மண்ணில் அலையின் வேகம் இதே இடத்தில் அளக்கப்பட்டதா? தெரிந்த பொருளைப் புதைத்துச் சோதித்தீர்களா? ஒரே கோட்டை இரண்டு முறையும், குறுக்காகவும் ஓட்டினீர்களா? அலை எவ்வளவு ஆழம் போனது? கருவி எழுதிய மூலத் தரவு நீதிமன்றத்திடம் ஒப்படைக்கப்படுமா? படம் மட்டும் போதாது. மூலத் தரவு இருந்தால்தான் இன்னொரு நிபுணர் கணக்கைத் திருப்பிப் போட முடியும்.

எலும்பு மாதிரி எடுக்கும் நாளில் கேளுங்கள்: எத்தனை உடல்களிலிருந்து, எந்தெந்த மண்படையிலிருந்து எடுக்கிறீர்கள்? எலும்போடு பல்லும் எடுக்கப்படுமா? பல்லின் மிளிரி சிறுவயதில் உருவாகி அப்படியே நின்றுவிடும். அதிலுள்ள காபன் அந்த ஆள் பிறந்த காலத்தைக் காட்டும். ஒரே எலும்பின் பகுதிகள் இரண்டு ஆய்வுகூடங்களுக்குப் போகுமா? வயது தெரிந்த ஒரு மாதிரியும் பெயர் சொல்லாமல் சேர்த்து அனுப்பப்படுமா? ஆய்வுகூடம் எலும்பின் புரதம் கெடாமல் இருந்ததா என்று சோதித்து அந்த எண்ணையும் தருமா?

முடிவு வரும் நாளில் கேளுங்கள்: கூடக் கிடைத்த பொருட்கள் சொல்லும் காலமும் இதுவும் ஒத்துப்போகின்றனவா? கொக்குத்தொடுவாயில் 2023இல் வெளிப்பட்ட புதைகுழிக்கு, கிடைத்த பொருட்களையும் ஆராய்ந்தே 1994 முதல் 1996 வரை என்று காலம் சொல்லப்பட்டது. இரண்டு வழிகளும் ஒத்துப்போகாவிட்டால் எது பிழை என்று யார், எப்போது விளக்குவார்கள்?

இவற்றில் எதுவும் இரகசியமல்ல. ஒழுங்காக வேலை செய்யும் நிபுணர் இந்தக் கேள்விகளால் கோபப்படமாட்டார். பதில் அவருடைய குறிப்புப் புத்தகத்திலேயே இருக்கும். நீதிவானிடம் சட்டத்தரணி மூலம் எழுத்தில் கேட்டால் பதிலும் எழுத்தில் பதிவாகும்.

தோண்டிய நிலத்தை மீண்டும் ஸ்கான் செய்ய முடியாது. அந்தப் பகுதிக் கேள்விகளை அகழ்வுக்கு முன்பே கேட்க வேண்டும். எலும்புகள் அப்படியல்ல. எண்ணிட்டு, பூட்டி, பாதுகாத்தால் பத்து ஆண்டுகள் கழித்தும் இன்னொரு மாதிரி எடுக்கலாம். மாத்தளையோ மன்னாரோ செம்மணியோ, எச்சங்கள் இப்போது எங்கே, யார் பொறுப்பில், எந்த நிலையில் இருக்கின்றன என்பதையே நான் முதல் கேள்வியாகக் கேட்பேன்.